அலறலுக்குப் பொருள் சொல்வோர்: 'ஹிஸ்டீரியா' திரைப்படமும் வெறியாட்டு மரபும்

மலேசியத் தமிழ்த் திறனாய்வுலகம் திரைப்படத்தைப் பற்றிப் பேசும்போது சென்னையை நோக்கியே பேசிப் பழகிவிட்டது. நம் பக்கத்து வீட்டு மொழியாகிய மலாயில் ஆண்டுதோறும் வெளிவரும் படங்கள் நம் கட்டுரைகளில் இடம்பெறுவது அரிது. அவற்றுள்ளும் பேய்ப்படம் என்றால் கேட்கவே வேண்டியதில்லை. திறனாய்வுக்கு உரிய பொருளே அன்று என்று ஒதுக்கிவிடுகிறோம். இவ்வாறு ஒதுக்கப்பட்டவற்றுள் ஒன்று, ஜேம்ஸ் லீ இயக்கத்தில் 2008 டிசம்பரில் திரைக்கு வந்த 'ஹிஸ்டீரியா' என்னும் மலாய்ப் படம். பெண்கள் தங்கிப் பயிலும் ஒரு விடுதிப்பள்ளியில் நிகழும் கதை அது. இப்படத்தைத் தமிழாசிரியர்களும் சங்க இலக்கியம் பயில்வோரும் கருதிப் பார்க்க வேண்டிய காரணம் உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து. படம் குறையற்றது என்று நாம் சொல்லவில்லை. அதன் குறையே நம் சிந்தனைக்கு உரியது.

கதை சுருக்கமானது. ஒரு குழுவாகத் திரியும் மாணவியர் சிலர், பள்ளியில் பேய் பிடித்தவர்போல் அலறி நடிக்கின்றனர். நடிப்பு வெளிப்பட்டுவிடுகிறது. அதற்குத் தண்டனையாக, விடுமுறையில் மற்றவர் யாவரும் வீடு திரும்பிய பின் ஆளரவமற்ற விடுதியில் தங்கிப் பணி செய்யுமாறு விதிக்கப்படுகின்றனர். அப்பொழுது மெய்யாகவே ஒரு தீய ஆவி, மலாய் மரபு 'ஹந்து ராயா' எனக் குறிப்பிடும் ஆவி, அவர்களை ஒருவர் பின் ஒருவராக வேட்டையாடுகிறது. லியானா ஜஸ்மாய் ஏற்றிருக்கும் மூர்னி என்னும் மாணவி உயிர் தப்புகிறாள். மனநலச் சிகிச்சைக்கு உட்பட்ட நிலையில் அவள் கூறும் நினைவாகவே கதை விரிகிறது. இடையே இரு மாணவியர் முத்தமிடும் காட்சியொன்று உண்டு. மலேசியத் திரையில் அத்தகைய முதற் காட்சி என்று அக்காலத்தில் அது பேசப்பட்டது. படத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் அக்காட்சிக்குக் கிடைத்த இடம் படத்தின் ஏனைய பகுதிகளுக்குக் கிடைக்கவில்லை.

இப்படம் கவனம் பெறாமற் போனதற்கு இயக்குநரின் பின்னணியும் ஒரு காரணம் எனலாம். ஈப்போவில் பிறந்த ஜேம்ஸ் லீ, 'தி பியூட்டிஃபுல் வாஷிங் மெஷின்' (2004) போன்ற சிறு முதலீட்டுப் படங்களால் அனைத்துலக விழாக்களில் அறியப்பட்டவர். அமிர் முகம்மது, தான் சூய் மூய், லியூ செங் தாட் ஆகியோருடன் சேர்ந்து 2005இல் 'டா ஹுவாங்' நிறுவனத்தைத் தொடங்கியவர். விழாப் படங்களை விரும்பியோர், 'ஹிஸ்டீரியா'வை அவர் வணிகத்தின் பக்கம் சாய்ந்ததன் அடையாளமாகக் கருதி விலகினர். பேய்ப்படத்தை விரும்பிச் சென்றோருக்கோ, அஃது அமெரிக்கக் கொலைப்படங்களின் வாய்பாட்டை மலாய் உடையில் தருவதாகத் தோன்றியது. இரு சாராரும் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அந்த வாய்பாட்டுக்குள் ஜேம்ஸ் லீ எடுத்துவைத்த பொருள் நம் நாட்டுக்கே உரியது. வெளியிலிருந்து வாங்கியது அன்று. (இதே குழுவைச் சேர்ந்த தான் சூய் மூய்தான் தீபக் குமரன் மேனனின் 'செம்மண் சாலை' (2005) என்னும் தமிழ்ப் படத்தின் தயாரிப்பாளர் என்பதை இங்கு நினைவுகூரலாம். தோட்டப்புறத்திலிருந்து மேற்கல்வி கற்க விரும்பும் ஒரு பெண்ணின் கதை அது. பெண் கல்வி பற்றிய இரு வேறு படங்கள் ஏறத்தாழ ஒரே வட்டத்திலிருந்து வந்திருக்கின்றன.)

விடுதியும் அலறலும்

மலாயாவில் விடுதிப்பள்ளி என்பது வெறும் கட்டடம் அன்று; அது சமூக ஏற்றத்தின் ஏணியாகக் கருதப்பட்டது. கோலகங்சார் மலாய்க் கல்லூரி 1905இல் தோன்றியது. மலாய்ப் பெண்களுக்கான கல்லூரி 1947இல் கோலாலம்பூரில் தொடங்கிப் பின்னர் துங்கு குர்ஷியா கல்லூரியாகச் சிரம்பானில் வளர்ந்தது. நம் ஜொகூரில் 1956இல் தோன்றிய துன் பாத்திமா பள்ளி இவ்வரிசையில் முன்னிற்பது. 1971இல் புதிய பொருளாதாரக் கொள்கை நடைமுறைக்கு வந்தபின் இத்தகைய பள்ளிகள் நாடெங்கும் பெருகின. கம்பத்துப் பெண்பிள்ளைகள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் தாயை விட்டுப் பிரிந்து, மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் உண்டு, மணியடித்தால் உறங்கும் வாழ்வுக்குள் நுழைந்தனர். தோட்டப்புறத்துத் தமிழ் மாணவியரும் பேருந்து வசதி இல்லாத காலங்களில் இடைநிலைப்பள்ளி விடுதிகளில் தங்கிப் பயின்றதுண்டு. லயத்துக் கூட்டத்திலிருந்து வந்த பிள்ளைக்கு, வரிசையாகக் கிடக்கும் இரும்புக் கட்டில்களின் அமைதி எவ்வளவு அச்சம் தரக்கூடியது என்பதை ஆசிரியர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இவ்விடுதிகளோடு சேர்ந்து வளர்ந்ததுதான் மாணவியர் கூட்டமாக அலறி மயங்கும் நிகழ்வு. மனநல மருத்துவர்களும் சமூகவியலாளரும் 1970கள் தொட்டு இதனை ஆராய்ந்து வந்துள்ளனர். ராபர்ட் பார்த்தலமியூ விரிவாக எழுதிய நிகழ்வுகளுள் ஒன்று 1987இல் அலோர் ஸ்டாரில் ஒரு பெண்கள் விடுதிப்பள்ளியில் நடந்தது. அங்கு அலறலின் அடியில் விடுதி வாழ்வின் கட்டுப்பாடுகள் மீதான மனக்குறை இருந்தது என்பது அவர் முடிவு. அதே 1987இல் வெளிவந்த ஐவா ஓங்கின் நூல், சிலாங்கூரில் கோல லங்காட் வட்டாரத்துத் தொழிற்சாலைப் பெண்களை ஆராய்ந்தது. நுண்ணோக்கியின் அடியில் மின்னணுச் சில்லுகளைக் கோத்துக்கொண்டிருந்த இளம்பெண்கள் திடீரென ஆவியைக் கண்டு அலறினர். நிர்வாகத்தினர் அவர்களை வீட்டுக்கு அனுப்பினர். போமோ எனப்படும் மந்திரவாதியை வரவழைத்து, ஆடு அறுத்துச் சடங்கும் செய்தனர். வேலை முறையை மாற்றினார்களா என்றால் இல்லை. வாய்திறந்து சொல்ல முடியாத எதிர்ப்பை ஆவியின் வாயால் சொன்னார்கள் என்பது ஓங்கின் வாதம்.

இது பழங்கதையாகிவிடவும் இல்லை. 2015இல் பகாங்கிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் ஹிஸ்டீரியாவைத் தடுக்கும் கருவிப்பெட்டி ஒன்றை 8,750 ரிங்கிட் விலையில் அறிமுகப்படுத்தினர். அதில் உப்பு, எலுமிச்சை, வினிகர், மிளகுத் தெளிப்பான் முதலியன இருந்தன. 2016 ஏப்ரலில் கிளந்தானில் ஓர் இடைநிலைப்பள்ளி இத்தகைய அலறலால் தற்காலிகமாக மூடப்பட்டது. சிரிப்பதற்கு உரிய செய்தி எனச் சிலர் கருதலாம். எலுமிச்சையும் உப்பும் நம் வீடுகளில் கண்ணேறு கழிக்கப் பயன்படுபவை என்பதை நினைத்தால், சிரிப்பு சற்று அடங்கும்.

ஆக, 'ஹிஸ்டீரியா' எடுத்துக்கொண்ட பொருள் மிக வலுவானது. ஓர் அலறல் எழுகிறது. அதற்குப் பொருள் சொல்லும் உரிமை யாருக்கு? கட்டொழுங்கு ஆசிரியர் அதனை நடிப்பு என்பார். மந்திரவாதி ஆவி என்பார். மருத்துவர் நோய் என்பார். அலறியவளை யாரும் கேட்பதில்லை. இக்கேள்வியை முன்வைக்கும் படம், தொடக்கத்திலேயே ஒரு விடையைத் தந்துவிடுகிறது: அது நடிப்புத்தான். மாணவியர் பொய் சொன்னார்கள். அதன் பின்னர், பொய்யைத் தண்டிக்க வருவதுபோல மெய்யான ஆவி வருகிறது. நடிப்புக்கும் ஆவிக்கும் இடையே மூன்றாவதாக ஒன்று இருக்க முடியும், அதாவது ஒரு பெண்ணின் உண்மையான துயர் இருக்க முடியும் என்னும் எண்ணத்துக்குக் கதையின் அமைப்பில் இடமில்லாமற் போகிறது. பள்ளி நிர்வாகத்தின் தீர்ப்பைத் திரைக்கதை ஒப்புக்கொண்டுவிட்டது. ஆவி, கட்டொழுங்கு ஆசிரியரின் கைப்பிரம்பை நீட்டித்த வடிவமாகிவிட்டது. நம் கருத்தில் இதுவே படத்தின் பெருங்குறை.

ஹந்து ராயாவைத் தேர்ந்தது இக்குறையை இன்னும் ஆழமாக்குகிறது. பொந்தியானாக் பேறுகாலத்தில் இறந்த பெண்ணின் ஆவி. அவளுக்கென ஒரு துயரக் கதை உண்டு. ஹந்து ராயா அவ்வாறன்று. நம் வழக்கில் ஏவல், குட்டிச்சாத்தான் என்று சொல்வதற்கு நெருங்கியது அது. ஒருவர் உடன்படிக்கை செய்து வளர்ப்பது; உரிமையாளர் இறக்குமுன் வேறொருவரிடம் ஒப்படைத்தாக வேண்டும் என்பது நம்பிக்கை. எவரோ வளர்த்த சூனியம் அது. அதற்கும் அம்மாணவியரின் உள்ளத்துக்கும் தொடர்பில்லை. வெளியிலிருந்து வந்து வெளியே போகும் தீமை. அலறலின் காரணத்தை மாணவியருக்குள் தேடவேண்டிய தேவையை இத்தேர்வு நீக்கிவிடுகிறது.

வெறியாட்டு காட்டும் வழி

இவ்விடத்தில் நம் இலக்கியத்தை நோக்கின், ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே இதே சிக்கலை அகப்பாடல்கள் எவ்வளவு நுட்பமாகக் கையாண்டுள்ளன என்பது புலனாகும். களவொழுக்கத்தில் தலைவி மெலிகிறாள், உண்ணாள், உறங்காள். காரணம் அறியாத தாய், இஃது அணங்கு தாக்கியதால் வந்த நோய் என்று கருதுகிறாள். கட்டுவிச்சி முறத்தில் நெல்லைப் பரப்பிக் குறி பார்க்கிறாள். வேலன் கழங்கு உருட்டுகிறான். முருகனே காரணம் என்று முடிவாகிறது. களம் இழைத்து, மறி அறுத்து, வெறியாட்டு நிகழ்கிறது. தொல்காப்பியக் களவியல் இதனைத் தலைவியும் தோழியும் பேசுதற்குரிய சூழல்களுள் ஒன்றாக வைத்துள்ளது. ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய குறிஞ்சிப் பகுதியில் 'வெறிப்பத்து' எனப் பத்துப் பாடல்கள் இதற்கென்றே உள. இத்துறையைச் சிறப்பாகப் பாடியமையால் வெறிபாடிய காமக்கண்ணியார் என்றே பெயர் பெற்ற பெண்பாற் புலவரும் உண்டு.

இங்கு நோக்கத்தக்கது, பாடல்கள் யார் பக்கம் நின்று பேசுகின்றன என்பது. தாயின் பக்கமோ வேலனின் பக்கமோ நின்று பேசுவதில்லை. பெரும்பாலும் தோழி பேசுகிறாள். சிலவிடத்துத் தலைவியே பேசுகிறாள். நோயின் காரணம் இவ்விருவருக்கும் தெரியும். கேட்கும் நமக்கும் தெரியும். வேலனுக்கும் தாய்க்கும் மட்டுமே தெரியாது. நற்றிணைப் பாட்டொன்றில் தோழி, தன் தலைவியின் நோய் உன்னால் வந்ததன்று என்று அறிந்தும் வெறிக்களத்துக்கு வந்து நிற்கிறாயே என, முருகனையே அறியாமையுடையவன் என்று சொல்லத் துணிகிறாள். கடவுளை மறுத்தல் அன்று அது. நண்பியின் துயருக்குத் தவறான பெயர் சூட்டப்படுவதை மறுத்தல். காமக்கண்ணியாரின் அகநானூற்றுப் பாட்டில் (22) இன்னும் ஒரு படி மேலே செல்கிறோம். வெறியாட்டு நடந்த இரவிலேயே தலைவன் காவலைக் கடந்து வந்து கூடுகிறான். தலைவியின் மெலிவு நீங்குகிறது. எவ்விதத் தொடர்புமற்ற வேலன் பட்ட பாட்டை எண்ணித் தலைவி தனக்குள் நகைக்கிறாள். அந்நகை, சடங்கு நடத்திய ஊரார் அனைவர்க்கும் மறைவாக எழுந்த நகை.

ஔவையாரின் குறுந்தொகைப் பாட்டு ஒன்றையும் (23) இங்கு எண்ணிப் பார்க்கலாம். குறி சொல்ல வந்த கட்டுவிச்சி மலைகளைப் பாடுகிறாள். அவற்றுள் தலைவனது மலையும் வந்துவிடுகிறது. உடனே தோழி, அந்த மலையைப் பாடிய பாட்டை மீண்டும் பாடு என்று கேட்கிறாள். அவ்வளவே. தாய்க்குப் புரியவேண்டியது புரிந்துவிடும். அறத்தொடு நிற்றல் என்று இலக்கணம் பெயரிட்ட செயல் இது. தவறாகப் புரிந்துகொண்ட சடங்கையே உண்மையை வெளிப்படுத்தும் வழியாகத் தோழி மாற்றிவிடுகிறாள். பொய் நோய், மெய் ஆவி என்ற இரண்டே கட்டங்களில் சிக்காமல், மூன்றாவது வழியை அகப்பாட்டு கண்டது.

'ஹிஸ்டீரியா'வில் இத்தகைய தோழி ஒருத்தி இருந்திருக்கக் கூடும் என்பதே நம் வருத்தம். மாணவியர் குழுவாக இருக்கின்றனர். ஒருவர் மறைவை மற்றவர் அறிந்திருக்கின்றனர். இருவரிடையே வெளியில் சொல்ல முடியாத அன்பும் இருக்கிறது. வெறியாட்டுப் பாடலுக்கு வேண்டிய எல்லாக் கூறுகளும் உள. ஊரறியாத காதல், மேலோரின் ஐயம், உடலில் தோன்றும் குறி, தவறான விளக்கம் ஆகிய யாவும் அமைந்துள்ளன. ஆனால் படம் அந்த முத்தத்தை விரித்துரைக்கவில்லை. கதை கொலைகளை நோக்கி விரைகிறது. பேசப்பட வேண்டிய இடத்தில் ஆவி வந்து வாயை மூடிவிடுகிறது. இதற்கு இயக்குநரை மட்டும் பொறுப்பாக்குவது முறையன்று. மலேசியத் திரையில் பேய்ப்படமே பல்லாண்டுகள் அருகிக் கிடந்தது. 2004இல் ஷுஹைமி பாபாவின் 'பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம்' வந்த பின்னரே இவ்வகை மீண்டும் தழைத்தது. சூனியத்தை நேரே பேசிய டைன் சைட்டின் 'டுக்குன்', 2006 அளவில் எடுக்கப்பட்டும் 2018 வரை திரை காணவில்லை. இச்சூழலில் 2008இல் ஒரு முத்தத்தைக் காட்டியதே துணிவு. அதன் பொருளைப் பேசுவது அடுத்த தலைமுறைக்கு விடப்பட்டது எனக் கொள்ளலாம்.

ஆயினும் ஒன்றைப் பாராட்ட வேண்டும். உயிர் பிழைத்த மூர்னி நினைவுகூர்ந்து சொல்வதாகவே கதை அமைந்துள்ளது. ஆசிரியர் சொல்லும் கதையன்று. போமோ சொல்லும் கதையுமன்று. கேட்பவர் அதனை நோயின் வெளிப்பாடாகக் கருதக்கூடும் என்ற ஐயம் படம் முழுதும் தொங்கி நிற்கிறது. அதனால், நாம் கண்டவை யாவும் நடந்தவையா, அவள் உள்ளம் புனைந்தவையா என்ற வினா எழுகிறது. கதை மறுத்த மூன்றாவது வழியைக் கதைசொல்லும் முறை சிறிது திறந்துவைக்கிறது. மூர்னியின் சொல்லை நம்பலாமா என்று நாம் தயங்கும் ஒவ்வொரு கணமும், அந்த விடுதி நிர்வாகத்தின் இருக்கையில் நாமே அமர்ந்திருக்கிறோம். இவ்வொரு கூறுக்காகவே இப்படம் மீண்டும் பார்க்கத் தக்கது.

விடுதிப்பள்ளியும் சூனியமும் சேர்ந்த படங்களுள் உலகறிந்தது இத்தாலியரான டாரியோ ஆர்ஜென்டோவின் 'சுஸ்பீரியா' (1977). ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் ஒரு நடனப்பள்ளி. அங்கு வந்து சேரும் அமெரிக்க மாணவி சூசி. பள்ளியை நடத்துவோரே சூனியக்காரியர். கதவுகளின் கைப்பிடிகளை வழக்கத்தினும் உயரத்தில் பொருத்தி, வளர்ந்த நடிகையரைச் சிறுமியர்போல் தோன்றச் செய்தார் ஆர்ஜென்டோ. அக்கைப்பிடி ஒன்றே போதும், நிறுவனத்தின் முன் மாணவி எவ்வளவு சிறியவள் என்பதை உணர்த்துவதற்கு. அங்குத் தீமை நிறுவனத்தினுள்ளேயே இருக்கிறது, ஆசிரியையே மந்திரக்காரி. நம் படம் அவ்வளவு தூரம் செல்லவில்லை. நிறுவனம் கடுமையானது, ஆனால் சரியானது என்ற எண்ணத்தோடு நிற்கிறது. ஆசிரியரை மதிக்கும் சமூகத்தில் இது எதிர்பார்க்கத் தக்கதே என்றாலும், ஆசிரியர்களாகிய நாம் இதனால் மகிழ்ந்துவிடுவதற்கில்லை.

தமிழர் தொடர்பு

மலாய்ப் பேய்ப்படத்தில் தமிழ்த் திரையுலகினர்க்கு உள்ள பங்கை நாம் மறந்துவிட்டதும் இப்படம் போன்றவற்றை நாம் அயலெனக் கருதுவதற்கு ஒரு காரணம். ஜொகூர் நீரிணையைக் கடந்தால் சிங்கப்பூர். அங்குதான் 1957இல் கேத்தே-கெரிஸ் நிறுவனத்தின் 'பொந்தியானாக்' எடுக்கப்பட்டது. இயக்கியவர் பி.என். ராவ். 'ரம்பையின் காதல்' (1939), 'மதனகாமராஜன்' (1941) ஆகிய தமிழ்ப் படங்களை இயக்கியவரும் அவரே. அழகற்ற பெண்ணொருத்தி மந்திர மருந்தால் அழகியாகிறாள். பாம்பு தீண்டிய கணவனின் நஞ்சை உறிஞ்சும்போது குருதியின் சுவையறிந்து பொந்தியானாக் ஆகிறாள். மரியா மெனாடோ நடித்த அப்படத்தின் படச்சுருள் இன்று கிடைப்பதில்லை. தயாரிப்பாளரே அதனை நீரில் எறிந்துவிட்டதாகக் கூறப்படுகிறது. அடுத்த ஆண்டில், சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன் 'ஓராங் மின்யாக்'கை இயக்கினார். தமிழ்ப் புராணப் படங்களின் மாயத் தந்திரக் காட்சிகளில் பயின்ற கைகள் மலாய்ப் பேய்க்கு முதல் உருவம் கொடுத்தன. இது தனியே விரித்தாராயத் தக்க பொருள். இங்குச் சுட்டுவதோடு அமைகிறோம்.

இன்னொரு தொடர்பு இன்னும் நெருக்கமானது. நம் கோவில்களில் உறுமி மேளம் முழங்கும்போது ஒரு பெண் உடல் நடுங்கி, கூந்தல் அவிழ்ந்து ஆடினால், அதனை அருள் என்கிறோம். சூழ நின்று வணங்கி வாக்குக் கேட்கிறோம். அதே பெண் வீட்டில் அவ்வாறு ஆடினால் பேய் என்கிறோம். வகுப்பறையில் ஆடினால் ஹிஸ்டீரியா என்று பெற்றோருக்குத் தகவல் அனுப்புகிறோம். உடல் ஒன்று, நடுக்கம் ஒன்று. இடத்துக்கேற்பப் பெயர் மாறுகிறது. தமிழ்நாட்டில் பேயோட்டும் சடங்குகளை ஆராய்ந்து இசபெல் நபோகோவ் 2000இல் வெளியிட்ட நூல், பேய் பிடித்தவராகக் கருதப்படுவோருள் புதிதாக மணமான இளம்பெண்கள் மிகுதி என்பதையும், சடங்கில் பேசும் சொற்கள் அப்பெண்ணின் சொந்தத் துயரைத் தொடாமலே அவளைக் கணவன் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவதையும் காட்டுகிறது. மொழியும் சமயமும் வேறாயினும் அலோர் ஸ்டார் விடுதியும் கோல லங்காட் தொழிற்சாலையும் தென்னார்க்காட்டுப் பேயோட்டும் களமும் இவ்வொன்றில் ஒத்திருக்கின்றன.

'ஹிஸ்டீரியா' தொடங்கிவைத்துக் கைவிட்ட பொருளைப் பதினைந்து ஆண்டுகள் கழித்து ஒரு பெண் இயக்குநர் எடுத்துக்கொண்டார். அமண்டா நெல் யூவின் 'டைகர் ஸ்ட்ரைப்ஸ்', 2023இல் கான் திரைப்பட விழாவின் திறனாய்வாளர் வாரப் பிரிவில் முதற்பரிசு பெற்றது. வகுப்பில் முதலாவதாகப் பூப்பெய்தும் ஸஃபான் என்னும் சிறுமி, தோழியரால் ஒதுக்கப்பட்டு, மெல்ல மெல்லப் புலியாக மாறுகிறாள். பள்ளியில் அலறல் பரவுகிறது, பேயோட்டுபவர் வருகிறார். இங்கு ஆவி வெளியிலிருந்து வரவில்லை. அவள் உடலிலிருந்தே வருகிறது. அதனை விரட்டத் தேவையில்லை, அதனோடு வாழலாம் என்ற இடத்துக்குப் படம் செல்கிறது. மலேசியாவில் அதே ஆண்டு அக்டோபரில் அது வெட்டப்பட்ட வடிவில் வெளிவந்தபோது, அவ்வடிவம் தம்முடையதன்று என இயக்குநர் அறிவித்தார். பூப்பு என்னும் செய்தியைத் திரையில் காட்டுவது 2023இலும் இடர்ப்பாடாக இருந்தது என்றால், 2008இல் ஜேம்ஸ் லீ நின்ற இடம் எவ்வளவு குறுகியது என்பது தெளிவாகும். இரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்போர் முன்னதை இகழமாட்டார். முன்னது தடுமாறிய இடத்திலிருந்தே பின்னது அடியெடுத்து வைக்கிறது.

வகுப்பறையில் வெறியாட்டுப் பாடல்களைக் கற்பிக்கும் முறை பற்றியும் ஒரு சொல். பெரும்பாலும் நாம் அவற்றைப் பழந்தமிழர் நம்பிக்கை என்ற தலைப்பின்கீழ் வைத்து, வேலன், கழங்கு, மறி என்று பட்டியலிட்டுத் தேர்வுக்கு ஆயத்தம் செய்கிறோம். அவ்வாறு கற்பிக்கும்போது நாம் வேலன் நின்ற இடத்தில் நிற்கிறோம். பாடலோ தோழி நின்ற இடத்தில் நிற்கிறது. நெடுந்தொகைத் தலைவி வேலனை எண்ணி நகைத்த நகையை இடைநிலைப்பள்ளி மாணவியருக்கு எடுத்துச் சொன்னால், அவர்கள் அதனைப் புரிந்துகொள்ள உரைநூல் வேண்டியதில்லை. தம் வகுப்பில் மயங்கி விழுந்த ஒருத்தியின் பெயரை அவர்களே சொல்லக்கூடும். அவள் ஏன் விழுந்தாள் என்பதும் அவர்களுள் ஒருத்திக்கேனும் தெரிந்திருக்கும்.